உரிப்பதா, வெட்டுவதா: ஹாம்பர்க்கில் பன்னிரண்டு நாள்

ஹாம்பர்க் நகரத்தில் மழை மேலிருந்து விழுவதில்லை. பக்கவாட்டில் வந்து காதுக்குள் பெய்கிறது. விமான நிலையத்துக்கு வெளியே வந்த இரண்டாவது நிமிடமே என் குடை தலைகீழாக மடங்கிக் கம்பிகள் தெரிய நின்றது. அழைத்துப்போக வந்திருந்த நண்பன் ஜெயராமன் அதை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டான். இந்த ஊரில் குடை எடுத்துக்கொண்டு வருகிறவன் வெளியூர்க்காரன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமாம்.

தோளில் தொங்கிய நீண்ட உறையை அவன் வாங்கக் கை நீட்டினான். தரவில்லை. அதில் கஸ்தூரி சிஸ்டரின் ஸ்கேன் படங்கள் இருந்தன. விமானத்திலும் அதை மேலே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆரணியில் எட்டுப் படுக்கை கொண்ட நர்சிங் ஹோம் நடத்துகிறேன். குடலிறக்கம், அப்பெண்டிக்ஸ், மூலம், பித்தப்பைக் கல். என் கை பழகிய அறுவைகள் அவ்வளவுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதைத் திறந்த மாதமே கஸ்தூரி வந்து சேர்ந்தார். தேவிகாபுரத்தில் பிறந்து ஆரணிப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் ஏகாம்பரம் பட்டு நெய்கிறவர். பன்னிரண்டு வருடம் ஆபரேஷன் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குக் கருவி எடுத்துக் கொடுத்தார். நான் வாய் திறப்பதற்குள் வேண்டியது உள்ளங்கையில் இருக்கும். கத்தரிக்கோல் கேட்டு ஊசி வந்த நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

அவருக்குச் சினைப்பையில் புற்றுநோய். சென்னையில் மூன்று முறை மருந்து ஏற்றினார்கள். அடிவயிற்றில் நோய் சுருங்கியது. மேலே, கல்லீரலுக்கும் மேலே, உதரவிதானத்தின் அடிப்புறத்தில் ஒட்டியிருந்தது மட்டும் போகவில்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைத் தட்டு அது. கல்யாணப் பந்தலில் மேலே கட்டுகிற துணியைப் போல வளைந்திருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கும்.

சென்னை சர்ஜன் நேர்மையான மனிதர். கீழே உள்ளதை எடுத்துவிடலாம், மேலே உள்ளதை விட்டால் கீழே எடுத்ததற்கு அர்த்தமில்லை என்றார். உதரவிதானத்தின் அடிப்புறத்தைப் போர்த்திய மெல்லிய சவ்வை மட்டும் உரித்தெடுப்பது ஒரு முறை. அதைத் தானே இரண்டு தடவை செய்திருப்பதாகச் சொன்னார். தசையோடு சேர்த்து ஒரு துண்டாக வெட்டியெடுத்து ஓட்டையைத் தைப்பது இன்னொரு முறை. அதைச் செய்ததில்லை என்றார்.

ஊருக்குத் திரும்புகிற வண்டியில் கஸ்தூரி என்னிடம் கேட்டார்.

"ரெண்டுல எது சார் எனக்கு?"

தெரியவில்லை என்றேன்.

"ஜெயராமன் சார் கூப்ட்டுகினே இருக்காரே. ஒரு தபா போயி கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க. புக்ல இருக்கறத சொல்லாதீங்க."

பன்னிரண்டு வருடத்தில் அவர் தனக்காக என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஜெயராமன் என்னுடன் படித்தவன், ஹாம்பர்க்கில் ஒரு மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணன். அவன் வேலை செய்யும் இடத்தில் இந்த அறுவையை அடிக்கடி செய்வார்கள். கிளம்பினேன்.

முதல் நாள் தூக்கத்தில் போயிற்று. இரண்டாம் நாள் காலை ஜெயராமன் எனக்கு முன்னால் வேலைக்குப் போய்விட, தனியாக ரயிலேறினேன். அங்கே நடத்துனர் கிடையாது. சுவரில் இருக்கிற இயந்திரத்தில் நாமே டிக்கெட் எடுக்க வேண்டும். யூரோ நோட்டு வந்து ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. எனக்கு அந்தக் காசுகளே அடையாளம் தெரியவில்லை. ஏதோ பொத்தானை அழுத்தினேன், ஏதோ ஒரு சீட்டு வந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் சாதாரண உடையில் இருந்த இருவர் எழுந்து அட்டையைக் காட்டி எல்லோரிடமும் டிக்கெட் கேட்டார்கள். நான் நீட்டியதைப் பார்த்த பெண் அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் எடுத்திருந்தது சிறுவர் டிக்கெட்.

எதிரில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த கிழவி எனக்காகச் சண்டை போட ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்த மாணவி அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். "அந்த இயந்திரம் எனக்கே புரிவதில்லை. எழுபது வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். இவரைப் பிடித்தால் என்னையும் பிடி." அதிகாரி சீட்டைத் திருப்பித் தந்துவிட்டு நகர்ந்தாள்.

தேவிகாபுரம் போகிற பஸ்ஸில் எழுபது பேர் நெருக்கி நின்றாலும் எவன் டிக்கெட் எடுக்கவில்லை என்று கண்டக்டருக்குத் தெரியும். அங்கே யாரும் ஏமாற்றவும் முடியாது, யாரும் தனியாகத் தவறு செய்யவும் முடியாது. இங்கே தப்பு செய்வதற்கு முழுச் சுதந்திரம் கொடுத்திருக்கிறார்கள்.

மருத்துவமனையின் அமைதி எனக்குப் பயமாக இருந்தது. என் நர்சிங் ஹோமில் ஒருவருக்கு அறுவை என்றால் வெளியே பதினைந்து பேர் நிற்பார்கள். தூக்குவாளி, பிளாஸ்க், பாய், சண்டை, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். இங்கே தாழ்வாரம் காலியாக இருந்தது. ஒரு நாற்காலியில் ஒரு ஆள். அவர் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

சர்ஜன் பெயர் டாக்டர் வெஸ்டர். ஐம்பதைத் தாண்டிய பெண், குள்ளமானவர், நடையில் அவசரம். ஜெயராமன் என்னை அறிமுகப்படுத்தியதும் கை குலுக்கி, பின்னால் ஒரு முக்காலி போடச் சொல்கிறேன், அதன்மேல் நின்று பாருங்கள், மயக்கம் வந்தால் பின்பக்கமாக விழுங்கள் என்றார். சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் உரிக்கும் முறையைப் பார்த்தேன். நெஞ்செலும்பின் முனையிலிருந்து அடிவயிறு வரை ஒரே கீறல். விலா எலும்புகளை இரும்புக் கொக்கிகள் மேலே தூக்கிப் பிடித்தன. கல்லீரலைக் கட்டியிருக்கிற நார்களை ஒவ்வொன்றாக விடுவித்து, தூங்குகிற குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைப்பதுபோல இடப்பக்கம் புரட்டினார்கள். அதற்குப் பின்னால் உதரவிதானம் தெரிந்தது. அதன்மேல் ஊறிய ஜவ்வரிசி போல வெள்ளை வெள்ளையாக நோய்.

டாக்டர் வெஸ்டர் சவ்வின் ஓரத்தை இடுக்கிகளால் பிடித்துக் கீழே இழுத்தார். சவ்வுக்கும் தசைக்கும் நடுவே மின்கத்தியின் முனை ஓடியது. முற்றிய வேர்க்கடலையின் சிவப்புத் தோல் வருவதுபோல அது வந்தது. சில இடத்தில் சுலபமாக, சில இடத்தில் பிய்ந்து. வெளியே வந்த தோலின் அடியில் தசை சுத்தமாக, சிவப்பாக, செயற்கை மூச்சுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சறை திறக்கப்படவில்லை. மறுநாள் அறுவை முடிந்த அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து தயிர் சாப்பிடுவதைப் பார்த்தேன்.

இதுதான், இது போதும் என்று நினைத்தேன். சென்னையிலேயே செய்துவிடலாம். அன்று மாலை மருத்துவமனை உணவகத்தில் உருளைக்கிழங்கு சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தேன். உப்பும் இல்லை, காரமும் இல்லை. ஆனாலும் அந்தப் பயணத்தில் நான் ருசித்துச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான்.

ஐந்தாம் நாள் இரண்டாவது அறுவை. இதுவும் உரிப்பதாகத்தான் ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் போனதும் டாக்டர் வெஸ்டரின் கை நின்றது. உள்ளங்கை அகலத்துக்குச் சவ்வு நகரவில்லை, இழுத்தால் தசையும் சேர்ந்து வந்தது. அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "உரியும் வரை உரிப்பேன். உரியாத இடத்தில் வெட்டுவேன். இதில் பிடிவாதம் பிடித்தால் நோயை உள்ளே விட்டுவிட்டு வருவோம்."

வெட்டினார். ஓட்டை விழுந்ததும் உள்ளே நுரையீரல் தெரிந்தது. இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த ஓட்டை வரை வந்து வந்து போயிற்று. வயிற்றைத் திறந்து நுரையீரலைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததில்லை. சுற்றிலும் நல்ல தசை வருகிற வரைக்கும் வெட்டி, அந்தத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இருபது நிமிடத்தில் ஒலிபெருக்கியில் பதில் வந்தது, ஓரங்கள் சுத்தம் என்று. எங்கள் ஊரில் சதைத்துண்டு பாட்டிலில் வேலூருக்குப் பஸ்ஸில் போகும். பதில் வர பத்து நாள்.

பிறகு தைத்தார்கள். கடைசித் தையலை இறுக்குவதற்கு முன் ஓட்டைக்குள் ஒரு மெல்லிய குழாயை விட்டு, நெஞ்சறையில் புகுந்த காற்றை உறிஞ்சிக்கொண்டே, ஜெயராமன் நுரையீரலை ஊத, முடிச்சைப் போட்டார்கள். அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பினார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது மாதிரிதான். ஆனால் அந்த நோயாளி மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். நெஞ்சில் நீர் கோத்தது, காய்ச்சல் வந்தது.

ஆக, கணக்கு இப்படி இருந்தது. உரித்தால் உடம்பு சீக்கிரம் தேறும், ஆனால் வேர் தசைக்குள் இறங்கியிருந்தால் மிஞ்சும். வெட்டினால் வேரும் போகும், ஆனால் மூச்சைப் பணயம் வைக்க வேண்டும். பெரிய ஓட்டையானால் தைக்கத் தசை போதாமல் வலைத்துணி வைத்து அடைக்க வேண்டும். வயிற்றைத் திறந்து கல்லீரலைப் புரட்டும் வரை எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அன்று மாலை கஸ்தூரியின் படங்களை டாக்டர் வெஸ்டரிடம் காட்டினேன். விளக்குப் பலகையில் ஒவ்வொன்றாகச் செருகி நெடுநேரம் பார்த்தார். தசையில் பல் பதிந்த மாதிரி ஒரு பள்ளத்தைப் பேனாவால் காட்டினார். இது உரியாது என்றார். பிறகு கேட்டார்:

"முதல் தொந்தரவுக்கும் நோய் கண்டுபிடித்ததற்கும் நடுவில் எவ்வளவு நாள்?"

"ஆறு வாரம்," என்றேன்.

அது பொய். ஏழு மாதம். வயிறு உப்பின மாதிரி இருக்கிறது, ரெண்டு வாய் சாப்பிட்டாலே நெஞ்சை அடைக்கிறது என்று கஸ்தூரி என்னிடம்தான் சொன்னார். வாயு என்றேன். மாத்திரை கொடுத்தேன். அடுத்த மாதமும் சொன்னார். மாத்திரையை மாற்றினேன். புடவை இறுக்கமாகிக்கொண்டே போகிறது என்று ஒரு நாள் அவரே கூச்சத்தோடு சொன்ன பிறகுதான் ஸ்கேன் எடுக்க எழுதினேன். தினமும் எட்டு மணி நேரம் எனக்கு எதிரில் நின்றவரை, ஒரு தடவை படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை.

டாக்டர் வெஸ்டர் படங்களைக் கழற்றி உறையில் வைத்தார். ஆறு வாரத்தில் இவ்வளவு தூரம் வந்ததென்றால் இது மிக வேகமான நோய், இதில் நெஞ்சைத் திறப்பது நோயாளிக்குத் துன்பம் மட்டும்தான், நானாக இருந்தால் செய்ய மாட்டேன் என்றார். வருத்தம் தெரிவித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நான் நன்றி சொன்னேன்.

ஆறாம் நாள் ஞாயிறு. கடைகள் எல்லாம் மூடியிருந்தன. துறைமுகத்தில் ஒரு படகில் ஏறினேன், எங்கே போகிறது என்று கேட்கவில்லை. ஈரக் கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே நின்றபடி, மீன் வைத்த ரொட்டி ஒன்றைச் சாப்பிட்டேன். பச்சை மீனைக் காடியில் ஊறவைத்தது. தொண்டையில் இறங்கவில்லை. கப்பல்கள் கட்டடங்களைவிட உயரமாக நின்றன. பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் வீட்டுக்குழாய் ஒழுகுவதைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருந்ததாக, ரயிலில் பார்த்த மாணவியைப் போல இன்னொரு பெண் எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர்களைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

மதியம், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் சோற்று வாசனை வந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நாலு மேஜை போட்டு நடத்தும் கடை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. முதல் கவளத்திலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று அவர் நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"இந்தியாவோ? என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நோயாளி எனக்குச் சொந்தமா என்று கேட்டார். இல்லை, என்னிடம் வேலை செய்கிறவர் என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள். அப்ப உங்களிலே நல்ல நம்பிக்கை போல அவவுக்கு," என்றார் அவர். மேஜையைத் துடைத்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னார். மிச்சச் சோற்றைச் சாப்பிட முடியவில்லை.

ஏழாம் நாள் காலை டாக்டர் வெஸ்டர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் போய் நின்றேன். ஆறு வாரம் என்று சொன்னது தவறு, ஏழு மாதம் என்றேன்.

அவர் கோட்டைக் கழற்றியபடியே நின்றார். "ஏழு மாதம் யார் பார்த்தது?"

"நான்."

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எனக்குள் ஒருவன் எதிர்பார்த்தான். அவர் கையை நீட்டிப் படங்களைக் கேட்டார். மறுபடி பலகையில் செருகினார். அப்படியானால் இது மெதுவான நோய், மருந்தால் அடிவயிற்றில் சுருங்கியும் இருக்கிறது, வாய்ப்பு உண்டு, ஆனால் சின்ன வாய்ப்பு என்றார். உரித்துப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், வலப்பக்கம் நேராகத் தசையோடு வெட்டச் சொல்லுங்கள். தாமதிக்க வேண்டாம். ஒரு காகிதத்தில் கோடு போட்டு, எங்கிருந்து ஆரம்பிப்பது, உதரவிதானத்தின் நரம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, தையல் எந்தத் திசையில் என்று வரைந்து கொடுத்தார். கல்லீரலிலிருந்து பெரிய ரத்தக்குழாய்கள் வெளியே வரும் இடத்தை ஒரு வட்டம் போட்டார். நோய் இந்த வட்டத்துக்குள் வந்திருந்தால் எந்த முறையும் உதவாது, மூடிவிடுங்கள் என்றார்.

என் ஒரு பொய்யால் அந்தச் சின்ன வாய்ப்பும் போயிருக்கும்.

ஒன்பதாம் நாள் மூன்றாவது அறுவையைப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. திறந்தார்கள், கல்லீரலைப் புரட்டினார்கள், டாக்டர் வெஸ்டர் கையை உள்ளே விட்டார், ஒரு நிமிடம் அசையாமல் இருந்தார், கையை எடுத்தார். அரை மணியில் மூடிவிட்டார்கள். தாழ்வாரத்தில் அந்தப் பெண்ணின் கணவர் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி நேரம் ஆகும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். சர்ஜன் வருவதைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். அவர்கள் பேசியதை ஜெயராமன் எனக்குப் பிறகு சொன்னான். அந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "சீக்கிரம் வந்துவிட்டீர்களே?"

மிச்ச மூன்று நாட்களைப் பற்றி எழுத எனக்கு எதுவும் நினைவில்லை. மழை பெய்தது. ஜெயராமனின் மனைவி ரசம் வைத்தாள்.

ஆரணிக்குத் திரும்பிய அன்றே ஆரணிப்பாளையத்துக்குப் போனேன். முன்கட்டில் ஏகாம்பரம் தறியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி நின்றார். கஸ்தூரி இளைத்திருந்தார். தலைக்குத் துணி கட்டியிருந்தார். நான் காகிதத்தை விரித்து, இரண்டு முறைகளையும், நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். சவ்வு எப்படி வந்தது, எங்கே நின்றது, நுரையீரல் எப்படித் தெரிந்தது, குமிழிக்கு எப்படிக் காத்திருந்தோம். அவர் நடுவில் நிறுத்தி, தையலுக்கு எந்த நூல், ஊசி வட்டமா நேரா என்று கேட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் தான் நிற்கப்போவது போலக் கேட்டார்.

"அப்ப வெட்டறதுதான்," என்றார் கடைசியில்.

"ஆமா சிஸ்டர்."

"நீங்களும் கூட நிப்பீங்களா சார்?"

நிற்பேன் என்றேன். ஏகாம்பரம் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, நெசவு டிசைன் பார்க்கிறவர் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சென்னை சர்ஜன் ஒப்புக்கொண்டார். ஆனால் தியேட்டர் கிடைக்க, ரத்தம் சேர்க்க, கஸ்தூரியின் வெள்ளை அணுக்கள் ஏற என்று ஐந்து வாரம் போய்விட்டது. அன்று நான் உதவியாளராகக் கை கழுவிக்கொண்டு நின்றேன். கல்லீரலைப் புரட்டினோம். தசையில் நோய் இருந்தது, படத்தில் கண்டதைவிடப் பெரியதாக. சர்ஜன் கையை உள்ளே கொண்டுபோனார். எடுத்தார். "நீங்க பாருங்க," என்றார்.

என் விரல்கள் உதரவிதானத்தின் வளைவோடு பின்னால் போயின. ரத்தக்குழாய்கள் வெளியே வரும் இடத்தில், காய்ந்த சிமெண்டு மாதிரி ஒன்று அவற்றைச் சுற்றி வளைத்திருந்தது. தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. மறுபடி தள்ளிப் பார்த்தேன். உரிப்பதற்கும் இல்லை, வெட்டுவதற்கும் இல்லை.

"சொல்லுங்க டாக்டர்," என்றார் சர்ஜன். முடிவை என்னிடம் விட்டார். மரியாதைக்காகத்தான்.

"மூடிடலாம்," என்றேன்.

வெளியே ஏகாம்பரம் தேவிகாபுரத்து உறவுக்காரர்களோடு நின்றிருந்தார். சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு, கஸ்தூரிக்குக் குடிக்க ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டார்.

மாலையில் கஸ்தூரிக்கு நினைவு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறக்கவில்லை. வலது கை மட்டும் போர்வைக்குள் நகர்ந்து வலப்பக்க விலாவைத் தடவியது. உதரவிதானத்தை வெட்டியிருந்தால் அங்கே நெஞ்சிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்திருக்கும். அவர் விரல்கள் மேலும் கீழும் தேடின. ஒன்றும் இல்லை. கையை வெளியே எடுத்துப் போர்வைமேல் வைத்துக்கொண்டார். நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு கஸ்தூரிக்கு நெஞ்சில் நீர் கோக்க ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு நாலு நாளைக்கு ஒரு தடவை, நானே அவர் வீட்டுக்குப் போய் ஊசி போட்டு நீரை எடுத்தேன். அவர் தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்து உட்காருவார். நான் முதுகில் இடம் பார்த்து ஊசியை இறக்குவேன். ஏகாம்பரம் பாட்டிலைப் பிடித்துக்கொள்வார். நான் படித்த படிப்புக்கும் போய் வந்த தூரத்துக்கும் என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் காலை ஏகாம்பரம் பாவு நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். உறவுக்காரப் பெண் ஒருத்தி சமையலறையில் இருந்தாள். கஸ்தூரிக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஊசியை எடுப்பதற்கு முன்னால் நான் அந்த ஏழு மாதத்தைப் பற்றிப் பேசினேன். வாயு என்று சொன்னதை, தொட்டுப் பார்க்காததை, ஜெர்மனியில் பொய் சொன்னதையும்கூட. மன்னிப்பு என்ற வார்த்தையை ஆரம்பித்தேன், முடிக்கவில்லை.

"தெரியும் சார்," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "வேலூருக்குப் போயிட்டு வான்னு இவரு சொல்லிகினே இருந்தாரு. நான்தான் கேக்கல. எங்க சார் இருக்காருன்னு சொன்னேன்."

நான் பையைத் திறந்து ஊசியை எடுத்தேன்.

"கோவம் இருந்திச்சி. நீங்க ஜெர்மனில இருந்த நாளெல்லாம் இருந்திச்சி. இப்ப கோவப்படக்கூட மூச்சு பத்தல."

தலையணையை இழுத்து மடியில் வைத்துக் குனிந்துகொண்டார். ஏகாம்பரம் இல்லாததால் பாட்டிலை அந்தப் பெண் பிடித்தாள். ஒன்றரை பாட்டில் வந்தது. ஊசியை எடுத்துப் பிளாஸ்திரி ஒட்டினேன். சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. மூச்சு ஆழமாக உள்ளே போவதை நான் பார்த்தேன். நாலைந்து முறை அப்படி இழுத்து விட்டார்.

"சார்," என்றார். இந்தத் தடவை நிறுத்தாமல் சொன்னார். "அடுத்த தபா நீங்க வராதீங்க. வேற யாரயாச்சும் அனுப்புங்க."

சரி சிஸ்டர் என்றேன். பையை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

எனக்குத் தெரிந்த இளம் டாக்டர் ஒருவரை அனுப்பினேன். அதன்பின் கஸ்தூரி பத்தொன்பது நாள் இருந்தார். நாலு நாளைக்கு ஒரு முறை என்பது இரண்டு நாளைக்கு ஒரு முறை ஆயிற்று. அந்த டாக்டர் போய் வந்து எவ்வளவு நீர் எடுத்தார், கஸ்தூரி தூங்கினாரா, ஏதாவது சாப்பிட்டாரா என்று என்னிடம் சொல்வார். நான் கேட்டுக்கொள்வேன். ஆரணிப்பாளையம் என் நர்சிங் ஹோமிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் போகவில்லை.